கிராங்க் கோட்டம் எடுக்கும் வேலைக்கு அளவுச் சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பெட்ரோல் டேங்கின் வண்ணம், குரோமியப் பூச்சு, பழைய பாணி ஸ்டிக்கர், சீட்டுத் தையல் என்று ஒவ்வொன்றையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, என்ஜினைப் பற்றி மட்டும் ‘முழுவதும் பிரித்துச் சீர்செய்யப்பட்டது’ என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிட்டது. அந்த வரிக்குள் அடங்கியிருக்கும் வேலைகளில் மிகக் கடினமானது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைப் பிரித்து, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மாற்றி, மீண்டும் கோர்த்துக் கோட்டம் எடுப்பது, அதாவது கோணல் நீக்கி நேராக்குவது. கோயம்புத்தூரில் இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில், வாகன உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துவோரும் அறிய வேண்டிய சிலவற்றைத் தங்கள் வாயிலாக எழுத விரும்புகிறேன்.

கார் என்ஜினின் கிராங்க் பெரும்பாலும் ஒரே உலோகத் துண்டாக வார்க்கப்படுவது அல்லது அடித்துச் செய்யப்படுவது. அதன் கனெக்டிங் ராடின் பெரிய முனையை இரண்டாகப் பிரித்து, போல்ட் போட்டு மாட்டிவிடலாம். யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ராஜ்தூத் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் அப்படியில்லை. அவற்றின் ராட் பிரிக்க முடியாத ஒரே துண்டு. அதன் பெரிய முனைக்குள் ரோலர் பேரிங் அமர்ந்திருக்கும். பேரிங்குக்குள் ‘கிராங்க் பின்’ (pin) என்னும் உருளை வடிவ எஃகுத் துண்டு செல்லும். பின்னின் இரு முனைகளும் இரண்டு கனத்த தட்டுகளின் துளைகளுக்குள் பல டன் அழுத்தத்தில் இறக்கப்பட்டிருக்கும். துளையைவிடப் பின் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவே பெரியது. அந்தச் சிறு வேறுபாடு தரும் இறுக்கம் ஒன்றுதான் இரண்டு தட்டுகளையும் ஒரே அச்சில் பிடித்து வைத்திருக்கிறது. சாவியோ காடியோ போல்ட்டோ அங்கே கிடையாது. ஆகவே ராட் மாற்றுவதற்காக ஒருமுறை கிராங்கைப் பிரித்துவிட்டால், தொழிற்சாலையில் அமைந்த நேர்மை அப்போதே போய்விடுகிறது. அதை மறுபடி கொண்டு வருவது கோர்ப்பவரின் கையையும் அவர் வைத்திருக்கும் அளவுக் கருவியையும் மட்டுமே பொறுத்தது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆர்எக்ஸ் 100 வண்டியின் கணக்கையே சொல்லலாம். 50 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரம்) கொண்ட அந்த 98 சிசி என்ஜின், நிமிடத்துக்கு 7,500 சுற்றில் தன் முழுத் திறனான 11 குதிரைத் திறனைத் தருகிறது. அதாவது விநாடிக்கு 125 சுற்று. பிஸ்டன் ஒவ்வொரு விநாடியும் 250 முறை நின்று திசை மாறுகிறது. கிராங்கின் தட்டுகளிலிருந்து இருபுறமும் நீளும் தண்டுகள் ஒரே கோட்டில் இல்லையென்றால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டு வளைந்து நிமிர்ந்தாக வேண்டும்; அந்த வேதனையை முதலில் தாங்குவது அந்தத் தண்டுகள் சுழலும் மெயின் பேரிங். அடுத்து ஆயில் சீலின் உதடு தேயும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் அறையே பெட்ரோல் கலவையை உறிஞ்சி அழுத்தி மேலே அனுப்பும் பம்பாகவும் இருப்பதால், சீல் கசிந்தால் ஆயில் ஒழுகுவதோடு காரியம் முடிவதில்லை. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட் இருக்கும் பக்கச் சீல் விட்டுக்கொடுத்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை நீர்த்துப்போகும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் விட்டுக்கொடுத்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை கக்கும். மேக்னெட்டும் தண்டோடு சேர்ந்து ஆடுவதால் தீப்பொறி விழும் நேரமும் நிலைகொள்ளாது. கார்புரேட்டரை மாற்றியும் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியை மாற்றியும் தீராத எத்தனையோ கோளாறுகளின் வேர் கிராங்கில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கிராங்க் பழுதாவதற்கான காரணங்களில் எங்கள் ஊர்ப் பக்கம் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரையிலான மலை இறக்கத்தில், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டியை, ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடி, கியரிலேயே விட்டு இறக்குகிறார்கள். என்ஜின் வேகமாகச் சுழல்கிறது. ஆனால் பெட்ரோல் உள்ளே போவது மிகக் குறைவு, ஆகையால் அதோடு வர வேண்டிய ஆயிலும் வருவதில்லை. பெரிய முனை பேரிங்குக்கு வேறு எந்த வழியிலும் ஆயில் கிடையாது. இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்துச் சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பேரிங் பிழைக்கும். இன்னொரு காரணம் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. நின்றுபோன என்ஜினுக்குள் அந்த ஈரம் ரோலர்களிலும் பின்னிலும் துருப் புள்ளிகளை உண்டாக்குகிறது. கொட்டகையிலிருந்து வெளியே எடுத்த வண்டியை அன்றைக்கே உதைத்துக் கிளப்பி மகிழ்பவர்கள், அந்தத் துருவைக் கொண்டே பின்னின் மெருகை அரைத்துவிடுகிறார்கள். கிராங்க் அறையைக் கழுவி, ராடை அசைத்துப் பார்த்த பிறகு கிளப்புங்கள் என்று அவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ராட் போய்விட்டது என்று தீர்மானிப்பதிலும் தவறு நடக்கிறது. சிலிண்டரைக் கழற்றி ராடின் மேல்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, ‘ஆடுகிறது, மாற்ற வேண்டும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். இவ்வகை என்ஜின்களுக்கு மேல்முனையில் 0.8 முதல் 1 மி.மீ. வரையிலான ஆட்டம் புதிய கிராங்கிலேயே உண்டு, 2 மி.மீ. தாண்டினால்தான் மாற்ற வேண்டும். பார்க்க வேண்டியது நேர்க்குத்தான ஆட்டத்தை. ராடை மேலே இழுத்துக் கீழே அழுத்தும்போது விரலுக்கு ஒரு சிறு தட்டு உணர்வாகத் தெரிந்தாலும் அந்தப் பேரிங்கின் காலம் முடிந்தது. நல்ல ராடைத் தேவையின்றி மாற்றுவது வெறும் பண விரயம் மட்டுமன்று. ஒவ்வொரு முறை பின்னைத் தள்ளி எடுக்கும்போதும் தட்டின் துளை சிறிது தளர்கிறது என்பதால், அந்தக் கிராங்கின் ஆயுளிலிருந்தும் ஒரு பகுதி போகிறது.

இனி வேலையின் முறை. பிரிப்பதற்கு முன்பே இரு தட்டுகளின் வெளிப்பக்க அகலத்தை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிரஸ்ஸில் பின்னைத் தள்ளி எடுத்த பிறகு, துளைகளை உட்புற அளவுக் கருவியால் பல திசைகளில் அளந்து, வாங்கி வந்த புதிய பின்னின் அளவோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் கோர்க்கும் கிராங்க் எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. துளையில் ஒட்டியிருக்கும் சிறு பிசிறையும் எடுத்து, முதல் தட்டில் பின்னைச் செங்குத்தாக இறக்கி, வாஷர்களையும் பேரிங்கையும் ராடையும் ஆயில் தடவி மாட்டி, இரண்டாம் தட்டை மேலே வைத்து, இரு தட்டுகளின் விளிம்பிலும் ஓர் எஃகு அளவுகோலைச் சாய்த்து நேர் பார்த்துக்கொண்டே பிரஸ்ஸை இறக்க வேண்டும். கொஞ்சம் இறங்கியதும் நிறுத்திப் பார்க்க வேண்டும். முழுவதும் இறங்கிய பிறகு கண்டுபிடிக்கும் பெரிய கோணலைச் சுத்தியலால் திருத்தப் போனால் துளை கிழியும். வெளியகலம் கையேட்டு அளவிலிருந்து 0.05 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது.

பலர் வேலையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அளவுகோல் நேராகக் காட்டுகிறது, கையால் சுற்றினால் சுழல்கிறது, போதும் என்கிறார்கள். உண்மையில் நுணுக்கமான பாதி இனிமேல்தான் தொடங்குகிறது. எவ்வளவு கவனமாக இறக்கினாலும், பிரஸ்ஸிலிருந்து வரும் கிராங்கை வி பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்குகட்டை) மெயின் பேரிங்குகளைத் தாங்கி வைத்து, இரு தண்டு முனைகளிலும் நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்திச் சுற்றினால், முள் பத்து, இருபது கோடுகள் ஆடுவது வழக்கம். டயலில் ஒரு கோடு என்பது 0.01 மி.மீ. இந்த என்ஜின்களுக்கு அனுமதிக்கப்படும் எல்லை 0.03 மி.மீ., அதாவது மூன்றே கோடு. நம் தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய பாதி. தாங்கும் பேரிங் தேய்ந்ததாக இருந்தால் டயலே பொய் சொல்லும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

முள்ளின் ஆட்டத்தைப் படிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் படிப்பு. இரண்டு முனைகளும் கிராங்க் பின் இருக்கும் பக்கத்திலேயே உயர்ந்து காட்டினால், பின்னுக்கு எதிர்ப்பக்கத்தில் தட்டுகள் விரிந்திருக்கின்றன என்று பொருள்; அந்த இடத்தில் வைஸில் கவ்வி மெதுவாக நெருக்க வேண்டும். இரண்டும் பின்னுக்கு எதிர்ப்பக்கத்தில் உயர்ந்தால், தட்டுகள் அங்கே நெருங்கியிருக்கின்றன. இடையில் ஆப்பு வைத்துச் சிறிது விரிக்க வேண்டும். பின்னிலிருந்து கால் சுற்றுத் தள்ளி ஒரு முனை உயர, அதே நேரத்தில் மறுமுனை தாழ்ந்தால், ஒரு தட்டு பின்னின் மேல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது கிராங்கை வி பிளாக்கிலிருந்து எடுத்துக் கையில் பிடித்து, உரிய தட்டின் விளிம்பில் செம்புச் சுத்தியலால் ஓர் அடி கொடுக்க வேண்டும். நடைமுறையில் இந்த மூன்றும் கலந்தே வரும். ஒன்றைத் திருத்தும் அடி மற்றொன்றைச் சிறிது கெடுக்கும். ஆகையால் ஓர் அடி, ஓர் அளவு, மீண்டும் ஓர் அடி, ஓர் அளவு என்று பொறுமையாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சைக்கிள் கடையில் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுப்பதைச் சிறுவயதில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அங்கே கண்ணுக்குத் தெரியும் கோட்டம். இங்கே டயலுக்கு மட்டும் தெரியும் கோட்டம். சில கிராங்குகள் அரை மணி நேரத்தில் பணிந்துவிடும். சில கிராங்குகள் ஒரு முழுப் பிற்பகலையும் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மூன்று கோட்டில் நிறுத்த மாட்டார். இரண்டுக்கு வந்த பிறகுதான் டயலைக் கழற்ற விடுவார். இன்றுவரை நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ராயல் என்ஃபீல்டு புல்லட் வேறு வகை. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட பழைய வார்ப்பிரும்பு 350 என்ஜினில் பெரிய முனையில் ரோலருக்குப் பதிலாக, ராடுக்கும் பின்னுக்கும் நடுவே தானும் சுழலும் மிதக்கும் புஷ் என்னும் உலோக வளையம் இருந்தது. ஆயில் பம்பும் ஆயில் வழிகளும் சுத்தமாக இருக்கும்வரை அது நன்றாக உழைக்கும். அடைப்பு வந்தால் விரைவில் தேய்ந்துவிடும். புஷ்ஷை மாற்றிவிட்டு ஆயில் வழிகளைக் கழுவாமல் கோர்ப்பது பழைய நோயை உள்ளேயே வைத்துப் பூட்டுவதாகும். கோட்டம் எடுக்கும் கணக்கு மட்டும் இரு வகைக்கும் ஒன்றுதான்.

என் இருபத்திரண்டாம் வயதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பால் வியாபாரி தம் ஆர்எக்ஸ் 100 வண்டியின் கிராங்கைக் கொண்டு வந்தார். அந்த வண்டியில்தான் அவர் விடியற்காலையில் கேன்களைக் கட்டி ஊர் ஊராகச் செல்வார். என் ஆசான் வெளியூர் போயிருந்தார். வாடிக்கையாளரோ மறுநாள் காலைக்கே வேண்டும் என்றார். நான் ராட், பின், பேரிங் அடங்கிய ராட் கிட்டை மாற்றி, அளவுகோலை வைத்து நேர் பார்த்து, டயல் வைக்காமலேயே கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் பிஸ்டன் பிடித்து, ஓடும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அவர் சாலையில் விழுந்தார். நல்லவேளையாகத் தோள் சிராய்ப்போடு தப்பினார். ஆசான் திரும்பி வந்து அந்தக் கிராங்கை வி பிளாக்கில் வைத்து என்னையே சுற்றச் சொன்னார். முள் பதினெட்டுக் கோடு ஆடியது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த வியாபாரியின் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்று, நடந்ததை என் வாயாலேயே சொல்ல வைத்தார். டயல் வைக்காமல் ஒரு கிராங்கும் அதன் பிறகு என் கையிலிருந்து வெளியே போனதில்லை.

அதனால்தான் இன்று நான் காணும் சில வழக்கங்களைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சென்ற ஆண்டு ஓர் இளைஞர் கொண்டு வந்த கிராங்க், ஒரே ஆண்டில் மூன்று முறை வேறோர் இடத்தில் ராட் மாற்றப்பட்டது. துளை தளர்ந்துபோன பிறகு, அதன் விளிம்பைச் சுற்றி ‘பஞ்ச்’ என்னும் கூர்முனைக் கருவியால் குத்திக் குத்தி இறுக்கம் உண்டாக்கியிருந்தார்கள். மூன்றாம் முறை பின்னின் இரு முனைகளையும் தட்டோடு வெல்டிங் வைத்துவிட்டார்கள். பந்தய வண்டிகளில், இறுக்கமாகக் கோர்த்துக் கோட்டம் எடுத்த கிராங்கில் கூடுதல் பாதுகாப்புக்காகச் சிறு பொட்டு வெல்டிங் வைப்பது உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. தளர்ந்த துளையை மறைக்க வைக்கும் வெல்டிங் வேறு. வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்கித் தட்டை இழுப்பதால் எடுத்த கோட்டமும் திரும்பி வந்துவிடும்; அடுத்த முறை பிரிக்கவும் வழியில்லாமல் போகும். தளர்ந்த துளைக்கு முறையான வைத்தியம், இரு துளைகளையும் அச்சுக்கு இணையாக மீண்டும் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பின் போடுவது. அப்போதும் தண்டின் மையத்துக்கும் பின்னின் மையத்துக்கும் உள்ள தூரம் ஸ்ட்ரோக்கில் சரிபாதியாக, ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு 25 மி.மீ. ஆகவே, இரு தட்டுகளிலும் இருக்க வேண்டும். அந்த இளைஞரின் தட்டுகளில் அதற்கும் இடமில்லை. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இலேயே நின்றுவிட்டது. யெஸ்டியைச் செய்து வந்த மைசூர் தொழிற்சாலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. வீணாகும் ஒவ்வொரு பழைய தட்டும் திரும்பக் கிடைக்காத பொருள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இதற்கு நான் வேண்டுவது பெரிய சட்டம் ஒன்றுமில்லை. கிராங்க் வேலை செய்யும் ஒவ்வொரு லேத் பட்டறையும் பில்லோடு ஓர் அளவுச் சீட்டைத் தர வேண்டும். இடது முனை, வலது முனை ஆகியவற்றின் டயல் அளவு, தட்டுகளின் வெளியகலம், பெரிய முனையின் பக்க இடைவெளி, துளைக்கும் பின்னுக்கும் இருந்த வேறுபாடு ஆகிய ஐந்து எண்களை எழுதக் கால் பக்கத் தாள் போதும். இரத்தப் பரிசோதனைக்குச் சென்றால் அளவையும் இருக்க வேண்டிய வரம்பையும் அச்சிட்டுத் தருகிறார்கள். என்ஜினுக்கும் அதைக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. முடிந்தால், கோர்த்த கிராங்கை உங்கள் கண்முன் ஒருமுறை வி பிளாக்கில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் எவரும் அதற்குத் தயங்க மாட்டார். அதேபோல் ‘நாளைக் காலைக்கே வேண்டும்’ என்று அவசரப்படுத்தாமல் இருக்கவும், கூடுதல் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுக்கவும் வாடிக்கையாளர் முன்வர வேண்டும்.

உதிரிபாகம் செய்வோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கிராங்க் பின்னின் மேற்பரப்பு நன்கு கடினமாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மிருதுவான பின்னில் ரோலர்கள் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்துவிடும். பார்வைக்கு நல்லதும் கெட்டதும் ஒரே பளபளப்பில் இருப்பதால், பின்னின் விட்டத்தையும் கடினத்தன்மையின் அளவையும் ராட் கிட் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலையில் ஆழ்த்துவது, இந்த வேலையைக் கற்க வருவோர் குறைந்துகொண்டே போவது. புதிய வண்டிகளுக்கு, ராட் போனால் முழுக் கிராங்கையும் மாற்றிவிடுவதே விற்பனை நிலையங்களின் வழக்கமாகிவிட்டது. முழுக் கிராங்க் கிடைக்காத பழைய வண்டிகளும், அந்த விலையைக் கொடுக்க இயலாத உழைப்பாளிகளும் பட்டறையை நம்பித்தான் இருக்கிறார்கள். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இருசக்கர வாகன மெக்கானிக் பிரிவிலும் டர்னர் பிரிவிலும் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு கிராங்கையாவது தம் கையால் பிரித்து, கோர்த்து, மூன்று கோட்டுக்குள் கோட்டம் எடுத்த பிறகே தேர்வுக்குச் செல்லும்படி செயல்முறைப் பயிற்சியை அமைக்க வேண்டும் என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு ஒரு பிரஸ், இரண்டு வி பிளாக், இரண்டு டயல் கேஜ், ஒரு செம்புச் சுத்தியல், கழித்துப் போட்ட சில கிராங்குகள் போதும். கழித்த கிராங்குகள் என் பட்டறையில் இருபதுக்கு மேல் கிடக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் எந்தத் தொழிற்பயிற்சி நிலையம் கேட்டாலும் அவற்றை விலையின்றித் தரவும், சனிக்கிழமைப் பிற்பகல்களில் வந்து மாணவர்களோடு இருந்து சொல்லிக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கிராங்க் வேலை செய்யும் ஒரு பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.